மலையகத்தில் காலைச் சாப்பாட்டுக் கடை போடப் போகிறீர்களா? இந்த வரிசையில் செய்யுங்கள்

கொழும்பில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ சின்னதாக ஒரு காலைச் சாப்பாட்டுக் கடை போடலாம் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். நல்ல யோசனைதான். ருசியாகச் சமைக்கத் தெரியாததால் கடையை மூடியவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் அட்வான்ஸைக் கொடுத்துக் கடையைப் பிடித்துவிட்டு, லைசன்ஸ் கிடைக்காமல் மாதக்கணக்கில் சும்மா வாடகை கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அக்காவும் நானும் கடை தொடங்கியபோது பட்ட அலைச்சலும் கிட்டத்தட்ட இதுதான். ஓர் அலுவலகத்தில் ஒரு கடிதம் கேட்பார்கள். அதை வாங்கப் போனால், முதல் அலுவலகத்தின் கடிதம் எங்கே என்பார்கள். எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் இதில் பாதி அலைச்சல் இருக்காது. அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

1. கடை எந்தச் சபைக்குள் வருகிறது என்று பாருங்கள்

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று தோன்றும். மலையகத்தில் அப்படி இல்லை. ஹட்டன் டவுனுக்குள் என்றால் ஹட்டன்–டிக்கோயா நகர சபை. டவுன் எல்லையைத் தாண்டினால் பிரதேச சபை. தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் சேர்த்து ஒரு நகர சபை, நுவரெலியா நகரத்துக்கு மாநகர சபை. 2018இல் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளைப் பிரித்து கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகளை உருவாக்கினார்கள். பிரதேச செயலகங்களும் பிறகு பிரிந்தன. அதனால் பழைய கடைக்காரர் ஒருவர் "நான் அங்கேதான் லைசன்ஸ் எடுத்தேன்" என்று சொன்னால், அதை நம்பி நேரே அங்கே போய் நிற்காதீர்கள்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பிடிக்க நினைக்கும் கடைக்கு இரண்டு பக்கமும் உள்ள கடைகளில் சுவரில் மாட்டியிருக்கும் லைசன்ஸைப் பாருங்கள். எந்தச் சபை என்று அதில் அச்சடித்திருக்கும். அப்படியே கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாப் படிவத்திலும் அதைக் கேட்பார்கள்.

தோட்டத்துக் காணியில் கடை போட நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு முன்னால் இருக்கும் இடமோ, தோட்டத்து ரோட்டோரமோ உங்கள் பெயரில் இல்லை. கம்பனி அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. தோட்ட நிர்வாகம் எழுத்தில் அனுமதி தந்தால்தான் சபையில் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். "தொரை வாயால் சொல்லிட்டார்" என்பது போதாது. தோட்ட மேலாளரான துரை மாறினால் அந்த வாக்கும் அவரோடு போய்விடும்.

2. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பி.எச்.ஐ.யிடம் பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சாப்பாட்டுக் கடைக்குச் சபை லைசன்ஸ் கொடுப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் (பி.எச்.ஐ.) அறிக்கையைப் பார்த்துத்தான். அவர் "இந்த இடம் சரிவராது" என்று எழுதிவிட்டால் நீங்கள் பூசிய பெயின்ட், வாங்கிய மேசை எல்லாம் வீண்.

எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போய், உங்கள் பகுதிக்குரிய பி.எச்.ஐ. யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் காலையில் பணிமனையில் இருப்பார்கள், பிறகு வெளிவேலைக்குப் போய்விடுவார்கள். "ஐயா, இந்த இடத்தைப் பிடிக்க யோசிக்கிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா" என்று மரியாதையாகக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் குறைவு. பிறகு வந்து குறை எழுதுவதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது அவருக்கும் லேசு.

அவர் பார்ப்பதில் நம் ஊர்க் கடைகள் அடிக்கடி மாட்டுவது இவற்றில்தான்:

தண்ணீர். சபைக் குழாயோ, நீர் வழங்கல் சபை இணைப்போ இருந்தால் பிரச்சினை இல்லை. மலையில் இருந்து பீலியில் வரும் தண்ணீர் என்றால் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். எந்தப் போத்தலில், எப்படி எடுத்துவர வேண்டும் என்று முதலில் போனில் கேளுங்கள். வீட்டுச் சோடாப் போத்தலில் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெப்ரவரி, மார்ச் மாத வரட்சியில் தண்ணீர் வருமா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள், கடைச் சொந்தக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

கழிவுத் தண்ணீர். டவுனில் பல கடைகளின் பின்பக்கம் நேரே ஓடையை, பள்ளத்தைப் பார்த்திருக்கும். பாத்திரம் கழுவும் எண்ணெய்த் தண்ணீர் அங்கே போகக்கூடாது. குழி வெட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் மண்மேடு நிற்கும் கடை என்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

கழிப்பறை. வேலை செய்பவர்களுக்கு ஒன்று வேண்டும், அதன் கதவு சமையல் கட்டைப் பார்த்துத் திறக்கக்கூடாது. பழைய கட்டடங்களில் இந்த ஒன்றுக்காகவே சுவர் உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பின்னால் சமையல் கட்டு ஒன்றை நீட்டிக் கட்டும் எண்ணம் இருந்தால், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் தேவைப்படும். 2025 நவம்பர் டிட்வா புயலில் நம் மலைகள் சரிந்ததைப் பார்த்தவர்கள் இதை வெறும் காகித வேலை என்று சொல்ல மாட்டார்கள். ஹட்டன் வழியாகப் போகும் ஏ7 போன்ற பெரிய ரோட்டில் கடை என்றால், முன்பக்கம் தகரம் இறக்கி அடுப்பு வைக்கிற திட்டத்தையும் விட்டுவிடுங்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபை வந்து கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும்.

3. வாடகை ஒப்பந்தம்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்ல வேண்டும் என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதியிருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, கீ மணி என்று முன்பணமாகக் கொடுத்த லட்சங்களைத் திரும்பக் கேட்டால் உங்கள் கை பலமாக இருக்காது.

எழுதும்போது மூன்று விஷயங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, இந்த இடத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தச் சொந்தக்காரர் சம்மதிக்கிறார் என்ற வரி. இரண்டு, சபை லைசன்ஸ் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பிவரும் என்ற வரி. இதற்குச் சிலர் இழுப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். மூன்று, மின்சார மீட்டர் யார் பெயரில், எந்த வகையில் இருக்கிறது என்பது. வீட்டு வகை மீட்டரில் கடை நடத்தினால் வரும் பிரச்சினை கடை நடத்துகிற உங்கள் தலையில்தான் விழும். பழைய கரண்ட் பில், தண்ணீர் பில் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று கடைசி பில்லைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

4. காகிதங்களைச் சேர்த்தல்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, ஒவ்வொன்றிலும் சில போட்டோகொப்பி எடுத்து வையுங்கள். தேவைப்படுபவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், குத்தகை ஒப்பந்தம், கடைச் சொந்தக்காரரின் காணி உறுதியின் பிரதி, சபைக்கு அவர் கட்டிய வரி ரசீது, நீர்ப் பரிசோதனை அறிக்கை, சமையலில் கை வைக்கும் எல்லோருடைய மருத்துவச் சான்றிதழ். கடைசியில் சொன்னதற்கு என்ன பரிசோதனை, டைபாய்ட் ஊசி போட வேண்டுமா என்பதை எம்.ஓ.எச். பணிமனையிலேயே கேட்டுச் செய்யுங்கள். வெளியில் ஒரு டொக்டரிடம் எடுத்த துண்டைக் கொண்டுபோய், இது செல்லாது என்று கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டாம்.

இதில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வரும் சிக்கல் இரண்டு. முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் சிங்கள எழுத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். ஒரே ஆள்தான் இருவரும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொண்டால் பதிவு வேலை நகரும். இரண்டாவது முகவரி. லயத்து அறைக்கு இலக்கம் இருக்காது, கரண்ட் பில் உங்கள் பெயரில் இருக்காது. அதற்குக் கிராம உத்தியோகத்தர் தந்து, பிரதேச செயலகத்தில் கையொப்பம் வைத்த வதிவிடச் சான்றிதழ்தான் துணை. கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார். பெரும்பாலும் செவ்வாய், வியாழன். போகும் முன் போன் எடுத்துக் கேளுங்கள், கொழுந்து வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் வீணானால் அந்த நாள் பேரும், அதாவது சம்பளமும், போகும்.

படிவம் சிங்களத்தில் மட்டும் தந்தால் தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. புரியாத படிவத்தில் கையெழுத்து வைப்பதைவிட இன்னொரு நாள் வருவது மேல்.

5. பெயர்ப் பதிவும் சபை லைசன்ஸும்

சொந்தப் பெயர் அல்லாத ஒரு பெயரைக் கடைக்கு வைத்தால் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். பிரதேச செயலகத்தில் செய்யலாம். கட்டணம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, அதனால் பதுளைப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் சொன்ன தொகையைக் கண்டி, நுவரெலியா மாவட்டத்தில் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று பெயர்களை யோசித்து வையுங்கள்.

சில இடங்களில் பெயர்ப் பதிவுக்குச் சபையின் கடிதம் கேட்பார்கள், சில இடங்களில் சபைதான் பதிவுச் சான்றிதழைக் கேட்கும். எங்களைச் சுற்ற வைத்தது இதுதான். ஒரே நாளில் இரண்டு அலுவலகங்களுக்கும் போய், "உங்களுக்கு எது முதலில் வேண்டும்" என்று கேட்டு, சொன்னவரின் பதவியோடு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு ஆள் மேசையில் இருந்தால் அந்தக் குறிப்பு உதவும்.

சபையில் விண்ணப்பம் கொடுத்ததும் ரசீது வாங்குங்கள். அதன் பிறகு பி.எச்.ஐ. வந்து பார்ப்பார், திருத்தம் சொல்வார், திரும்ப வருவார். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் சில வாரங்கள் எடுக்கும். சிவனொளிபாதமலைப் பருவத்தை நம்பி ஹட்டன், மஸ்கெலியா பக்கம் திறக்கிறவர்கள் டிசம்பர் பௌர்ணமிக்கு முன் கடை ஓட வேண்டும் என்றால் ஓகஸ்டில் வேலையைத் தொடங்க வேண்டும். நுவரெலியாவில் ஏப்ரல் கூட்டத்தைப் பிடிக்க நினைப்பவர்கள் கிறிஸ்மஸுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

லைசன்ஸ் டிசம்பர் 31உடன் முடியும். நவம்பரில் எடுத்தாலும் அப்படித்தான், ஜனவரியில் மறுபடி கட்ட வேண்டும். அதற்காகத் திறப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பருவத்து டிசம்பர் வியாபாரம் லைசன்ஸ் கட்டணத்தைவிடப் பெரியது.

சுவரில் மாட்ட வேண்டியது லைசன்ஸ் மட்டும் இல்லை. விலைப்பட்டியலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பாவனையாளர் அதிகார சபை அதிகாரிகள் முதலில் தேடுவது அதைத்தான்.

6. செலவில் மறந்துபோகிறவை

மேசை, கதிரை, தோசைக்கல், கிரைண்டர் இவற்றை எல்லோரும் கணக்கில் எழுதிவிடுவார்கள். விடுபடுவது நாளாந்தச் செலவு. முதல் மூன்று மாத வாடகையும் சாமான் காசும் கையில் தனியாக இல்லாமல் திறக்காதீர்கள்.

தேங்காய் பெரிய விஷயம். நம் மலையில் காய்ப்பதில்லை, குருநாகல், புத்தளம் பக்கத்தில் இருந்து லொறியில் ஏறி வருகிறது. 2025 தொடக்கத்தில் ஒரு காய் 200 ரூபாவைத் தொட்டபோது, சம்பலும் சொதியும் கேட்கக் கேட்க ஊற்றிய கடைகள் திண்டாடின. முதல் நாளிலிருந்தே ஒரு கரண்டி அளவு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு குறைத்தால் வாடிக்கையாளருக்குத் தெரியும். கட்டச் சம்பலுக்குத் தேங்காய் வேண்டாம். நல்ல மாசி, நல்ல வெங்காயம் போட்டு இடித்தால் ரொட்டிக்கு அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

கேஸ். லிட்ரோ 12.5 கிலோ சிலிண்டர் 2025இல் கொழும்பில் 3,690 ரூபா. மலைக்கு வர ஏற்றுக்கூலி சேரும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் கடலையும் பருப்பும் வேக நேரம் எடுக்கும், கேஸும் கூடப் போகும். பெரிய பிரஷர் குக்கர் ஒன்று வாங்குங்கள், சீக்கிரமே அதன் காசு திரும்பிவிடும். ஒரு சிலிண்டர் எப்போதும் மிச்சமாக இருக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு கேஸ் முடிந்தால் எந்தக் கடையும் திறந்திருக்காது.

பொலித்தீன். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டி, பிளாஸ்டிக் இடியாப்பத் தட்டு எல்லாம் 2023 ஒக்டோபரில் இருந்து தடை. பழைய கடை ஒன்றை மூடுகிறவர் இடியாப்பத் தட்டுகளை மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள், பிரம்புத் தட்டு வாங்குங்கள். ஷொப்பிங் பேக்கை 2025 நவம்பரில் இருந்து இலவசமாகக் கொடுக்கவும் முடியாது.

பாலில் மட்டும் நமக்கு லாபம் இருக்கிறது. தோட்டத்தில் மாடு வைத்திருப்பவரிடம் காலைப் பாலைப் பேசி வையுங்கள். பால்மா கரைத்த தேத்தண்ணி எல்லாக் கடையிலும் கிடைக்கும். காய்ச்சிய பசும்பாலில் போட்ட டீக்கு ஆள் ரோட்டைத் தாண்டி வருவார்.

7. குளிரில் மாவு புளிக்க வைப்பது

கொழும்பில் தோசை சுட்டுப் பழகியவர்கள் நுவரெலியாவில் முதல் வாரம் கலங்கிப்போவது இங்கேதான். இரவு அரைத்து வைத்த மாவு ஜனவரிக் குளிரில் காலையிலும் அப்படியே படுத்துக் கிடக்கும். தோசை வெள்ளையாக, ரப்பர் மாதிரி வரும். அப்பச்சோடா போட்டு ஏமாற்றலாம், ஆனால் நாக்குக்குத் தெரியும்.

நாங்கள் செய்வது இது. அரிசியையும் உளுந்தையும் முதல் நாள் இரவே ஊறப் போட்டு, காலை வியாபாரம் முடிந்ததும் பதினொரு மணிபோல அரைப்போம். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவோம், வெந்தயம் ஒரு கைப்பிடி. அன்றைய காலை மாவில் மிஞ்சிய ஒரு கரண்டியை அதில் விட்டு, கையால் நன்றாக அடித்துக் கலப்போம். மீன் கடையில் வாங்கி, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் காயவைத்த ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் மாவுச் சட்டியை வைத்து, இரண்டு பக்கமும் சுடுதண்ணீர்ப் போத்தல் நிறுத்தி மூடிவிடுவோம். மாலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை போத்தலை மாற்ற வேண்டும். அதிகாலை மூன்றரைக்கு மூடியைத் திறந்தால் மாவு சட்டி விளிம்புக்கு ஏறி, மேலே சின்னச் சின்னக் கண் விட்டிருக்கும். உப்பைக் கடைசியில்தான் போடுவோம்.

ஹட்டனில் இவ்வளவு கஷ்டம் இல்லை, அடுப்புப் பக்கம் சாக்கால் மூடி வைத்தாலே போதும். கண்டியில் இது எதுவுமே வேண்டாம்.

இடியாப்பத்தை வெளியே வாங்கலாம். வீட்டில் அவித்துக் கொடுக்கும் பெண்கள் எல்லா டவுனிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை அவர்கள் சமையல் கட்டைப் போய்ப் பாருங்கள், பி.எச்.ஐ. கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

8. யார் எப்போது வருவார்கள்

ஐந்துக்கு முன் வருகிறவர்கள் மரக்கறி லொறிக்காரர்கள், பஸ் ட்ரைவர்கள், கண்டக்டர்கள். அவர்களுக்கு உட்கார நேரம் இல்லை: ரொட்டி, சம்பல், பிளேன்டி. பருவக் காலத்தில் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும் யாத்திரிகர்களும் இந்த நேரத்தில்தான் வருவார்கள். ஆறரையில் இருந்து ஆசிரியர்களும் அலுவலகக்காரர்களும் இடியாப்பமும் தோசையும் பார்சல் கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பணம் வருகிறது, அப்போது மாற்றிக் கொடுக்கச் சில்லறை கல்லாவில் இல்லாவிட்டால் வரிசை நின்றுவிடும். ஒன்பதுக்குப் பிறகு தோட்டத்தில் இருந்து பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தவர்கள் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள். உளுந்து வடையும் சுண்டலும் அப்போதுதான் போகும்.

ஞாயிறும், மாதம் 10ஆம் திகதி தோட்டச் சம்பளத்தை ஒட்டிய நாட்களும் இரட்டிப்புக் கூட்டம். வெள்ளிக்கிழமை முட்டை ரொட்டிக்கு ஆள் இருக்காது. தோசைக்கல்லில் முட்டை போடவே போடாதீர்கள், விரதக்காரர்கள் பார்த்துவிட்டால் திரும்ப வர மாட்டார்கள். முட்டைக்குத் தனிக் கல் வையுங்கள்.

9. ஆள் வைத்தால்

ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) பதிவு வேண்டும். சம்பளத்தில் 8 வீதம் அவரிடம் பிடித்து, 12 வீதம் நீங்கள் போட வேண்டும். ஈ.டி.எஃப். 3 வீதமும் உங்களுடையது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை, சொந்தக்காரப் பிள்ளை என்றாலும், கடை வேலைக்கு வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகள் மேசை துடைத்தது போதும். அதிகாலை வேலைக்குப் பெண்களை எடுப்பதென்றால் முதலில் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள், கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் பெண்களின் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு.

10. திறந்த பிறகு

வரிக்கான டின் இலக்கம் எடுத்து, கடைப் பெயரில் நடைமுறைக் கணக்கு ஒன்றைத் திறந்து, வீட்டுக் காசையும் கடைக் காசையும் பிரித்து வையுங்கள். பிறகு கடன் கேட்டு வங்கிக்குப் போனால் மேலாளர் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். தினமும் எவ்வளவு மாவு அரைத்தோம், எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுங்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஃபைலை எடுத்து, மருத்துவச் சான்றிதழ்களின் திகதியைப் பார்த்து, பழையதாக இருந்தால் புதுப்பித்து வையுங்கள். ஜனவரியில் சபை திறந்ததும் பழைய லைசன்ஸ், ரசீது, சான்றிதழ்கள் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோனால் புதுப்பிப்பு வேலை சீக்கிரம் முடியும். மார்ச் வரை தள்ளிப்போட்டால் நோட்டீஸ் வரும்.